பெருந்தொற்றும் பெண்கள் நலமும்: எந்த ஆய்வை முதலில் எடுப்பது?

கேள்வி: சமூக மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் ஐந்து பேர் சேர்ந்து, வைரஸ் பெருந்தொற்றின்போதும் அதற்குப் பின்னும் பெண்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்யத் திட்டமிடுகிறோம். கையில் 18 மாதங்களும் சிறிய நிதியும் இருக்கின்றன. கர்ப்பம், தடுப்பூசி, மாதவிடாய், மனநலம், குடும்ப வன்முறை, கருத்தடை, புற்றுநோய்ப் பரிசோதனை, மெனோபாஸ், நீடித்த கோவிட் என்று பட்டியல் 14 தலைப்புகளுக்குப் போய்விட்டது. எதை முதலில் வைப்பது? 300 பெண்களைச் சேர்த்தால் போதுமா? அடுத்த தொற்று வந்தால் உதவும்படி இப்போதே ஏதாவது செய்து வைக்க முடியுமா?

பதில்: "எது முக்கியம்?" என்ற சல்லடையில் போட்டால் உங்கள் பட்டியலிலிருந்து ஒரு தலைப்பும் கீழே விழாது. பதினான்கும் முக்கியம்தான். ஆகவே சல்லடையை மாற்றுங்கள். ஒவ்வொரு தலைப்பையும் எடுத்து, "அலை ஓய்ந்த பிறகு இந்தத் தகவல் திரும்பக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். வரிசை தானாக அமையும்.

தொற்று உறுதியான அன்று ஒரு பெண் எத்தனையாவது வாரக் கர்ப்பம் என்பதை அன்றே எழுதாவிட்டால், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் சரியாகக் கிடைக்காது. பிரசவ அறையிலிருந்து கழிவுக்குப் போன நஞ்சுக்கொடி திரும்பாது. தடுப்பூசி போடாத ஒப்பீட்டுக் குழு சில மாதங்களில் கரைந்துவிடும். ஆனால் எத்தனை பேர் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவறவிட்டார்கள் என்பது பதிவேட்டில் இருக்கும். இரண்டு வருடம் கழித்தும் எண்ணலாம். அதற்கு மதிப்புக் குறைவு என்று சொல்லவில்லை. அவகாசம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அழியக்கூடிய தகவல்களில் மலிவானது படிவத்தில் உள்ள ஒரு கட்டம். அதைத் தவறவிட்டதன் விளைவை கோவிட்டின் முதல் ஆண்டிலேயே பார்த்தோம். 2020 ஜனவரி 22 முதல் அக்டோபர் 3 வரை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த பதிவுகளில் 15 முதல் 44 வயதுவரை உள்ள பெண்கள் ஏறத்தாழ 13 லட்சம் பேர். அவர்களில் கர்ப்பமா இல்லையா என்ற விவரம் இருந்தது 4,61,825 பேருக்கு, அதாவது 35.5 சதவீதத்துக்கு மட்டும். அந்தத் தரவிலிருந்துதான், அறிகுறி உள்ள கர்ப்பிணிகளில் 1,000 பேருக்கு 10.5 பேர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், கர்ப்பமில்லாதவர்களில் 3.9 பேர் போனார்கள் என்ற கணக்கு வந்தது. வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் 2.9, 1.1. போக்கு சரிதான், பிற்பாடு வந்த ஆய்வுகளும் அதையே சொல்லின. ஆனால் அளவு? நோய் கடுமையாகி மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிக்கு அந்தக் கட்டம் நிரப்பப்படும். வீட்டில் மூன்று நாள் காய்ச்சலோடு தப்பித்தவருக்குக் காலியாகவே இருக்கும். அப்போது கர்ப்பத்தின் ஆபத்து உண்மையைவிட ஊதித் தெரியும். எவ்வளவு ஊதியது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

உங்கள் படிவத்தில் கர்ப்பம் என்ற இடத்தில் ஒரே ஒரு டிக் கட்டம் வைக்காதீர்கள். டிக் இல்லையென்றால் "இல்லை" என்று பொருளா, "கேட்கவில்லை" என்று பொருளா என்பது பிற்பாடு யாருக்கும் தெரியாது. ஆம், இல்லை, தெரியவில்லை, கேட்கவில்லை என நான்கு விடைகளையும் அச்சிடுங்கள். ஆம் என்றால் கடைசி மாதவிடாயின் முதல் நாளும், முதல் ஸ்கேன்படி கணித்த பிரசவத் தேதியும் வேண்டும். "இரண்டாம் மூன்று மாதம்" என்று வகைப்படுத்தி எழுதக்கூடாது. தேதியாகவே எழுத வேண்டும். இறந்து பிறத்தலைச் சில நாடுகள் 20 வாரத்திலிருந்து எண்ணுகின்றன, பன்னாட்டு ஒப்பீட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்தை எடுத்துக்கொள்கிறது. தேதி இருந்தால் எந்த வரையறைக்கும் மாற்றிக்கொள்ளலாம், வகை மட்டும் இருந்தால் முடியாது. பிரசவமாகி 42 நாட்களுக்குள் இருக்கிறாரா, பாலூட்டுகிறாரா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாரா, கருப்பை அகற்றப்பட்டதா என்பவையும் வேண்டும்.

இன்னொரு கட்டத்தைப் பலரும் மறப்பார்கள்: ஏன் பரிசோதித்தார்கள்? அறிகுறி இருந்ததாலா, பிரசவத்துக்கு வந்த எல்லாரையும் பரிசோதித்ததாலா? இதைப் பிரிக்காவிட்டால் அறிகுறியே இல்லாத கர்ப்பிணிகளும், மூச்சுத்திணறலோடு வந்த மற்ற பெண்களும் ஒரே தட்டில் விழுவார்கள். அந்த ஒப்பீட்டில் கர்ப்பம் ஏதோ கவசம்போலத் தெரியும். மேலே சொன்ன பிழைக்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கும் பிழை இது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பதற்குப் பெயர் ஆய்வல்ல.

அடுத்து அழியக்கூடியது மருந்துச் சோதனைகளில் இடம். கோவிட்டின் முதல் தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. 2020 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது, கர்ப்பிணியான செவிலியர் "நான் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டால் சொல்வதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஃபைசர் நிறுவனம் கர்ப்பிணிகளுக்கென்று 2021 பிப்ரவரியில் தனிச் சோதனை தொடங்கியது. சேர்க்க நினைத்தது சுமார் 4,000 பேரை; சேர்ந்தவர்கள் 400-ஐக்கூட எட்டவில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே பல நாடுகள் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டன. அதன்பின் ஒருவருக்கு வெற்று ஊசி போடுவதை எந்த நெறிமுறைக் குழு ஏற்கும்? சாளரம் சில மாதங்கள் மட்டும் திறந்திருந்தது.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. கோவிட் நோயாளிகளுக்கான மருந்துகளை ஒப்பிட்ட பிரிட்டனின் ரெகவரி சோதனை தொடக்கத்திலேயே கர்ப்பிணிகளை அனுமதித்தது. மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மி.கி. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதில் 40 மி.கி. பிரெட்னிசொலோன் மாத்திரை, அல்லது 80 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் நரம்பு வழியாக இருவேளை. டெக்சாமெத்தசோன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். மற்ற இரண்டின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள நொதி செயலிழக்க வைத்துவிடும். சோதனைத் திட்டத்தில் சில வரிகள் கூடுதலாக எழுதியதில் ஒரு கூட்டமே வெளியே தள்ளப்படாமல் தப்பியது. எபோலாவில் 2018 நவம்பரில் காங்கோவில் தொடங்கிய பாம் என்ற மருந்துச் சோதனையும் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டது. அதே தொற்றில் தடுப்பூசித் திட்டம் அவர்களை முதலில் விலக்கி வைத்து, 2019-இல்தான் வழிவிட்டது.

நீங்கள் மருந்துச் சோதனை நடத்தப்போவதில்லை. ஆனாலும் அடுத்த தொற்றுக்கான வரைவுத் திட்டம் எழுதும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். ஒன்று, கருவுற்ற விலங்குகளில் செய்யும் நச்சுத்தன்மைச் சோதனை. இதை மனிதர்களுக்கான பெரிய சோதனை முடிந்தபின் தொடங்கினால் கர்ப்பிணிகளின் முறை ஒரு வருடம் தள்ளிப்போகும். அதற்கு இணையாகவே நடத்த வேண்டும். இரண்டு, மருந்தளவு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம்வரை கூடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் அளவும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி ஏறுகிறது. சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தால் ரத்தத்தில் அதன் செறிவு குறைந்துபோகும். "கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்து பலன் தரவில்லை" என்ற முடிவு, உண்மையில் "போதிய அளவு கொடுக்கவில்லை" என்பதாக இருக்கக்கூடும். இதை அறிய ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டாம். கர்ப்பத்தின் ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றரை டஜன் பேர், ஆளுக்கு மூன்று நான்கு ரத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் மருந்து கொடுத்து எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்ற துல்லியமான குறிப்பு. அந்த நிமிடக் குறிப்பு இல்லாத மாதிரியால் பயனில்லை.

இனி எண்களை எதால் வகுக்கிறோம் என்பதற்கு வருவோம். தடுப்பூசியும் கருச்சிதைவும் பற்றிய ஆய்வைத் தொட நினைத்தால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 2021 ஏப்ரலில், ஊசி போட்ட கர்ப்பிணிகளைக் கண்காணிக்கும் அமெரிக்கப் பதிவேட்டின் முதல் அறிக்கை வந்தது. முடிவு தெரிந்த கர்ப்பங்கள் 827. அவற்றில் கருச்சிதைவு 104. அந்த 827 பேரில் 700 பேர் கடைசி மூன்று மாதத்தில் ஊசி போட்டவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு நேர வாய்ப்பே இல்லை, அந்தக் கட்டத்தை அவர்கள் எப்போதோ தாண்டிவிட்டார்கள். உடனே சிலர் 827-இலிருந்து 700-ஐக் கழித்து, மீதி 127-ஆல் 104-ஐ வகுத்து, "82 சதவீதம் கருச்சிதைவு" என்று பரப்பினார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, கணக்கோ முழுத் தவறு. முதல் மாதங்களில் ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் அறிக்கை எழுதும்போது இன்னும் கர்ப்பமாகவே இருந்தார்கள். கருச்சிதைவு சீக்கிரம் "முடிவு" என்று பதிவாகிவிடும், நல்ல பிரசவம் பதிவாக ஒன்பது மாதம் ஆகும். அவர்களையும் பின்தொடர்ந்து, 2,456 பேரை வாரவாரியாகக் கணக்கிட்டபோது, 6 முதல் 20 வாரத்துக்குள் கருச்சிதைவு 14.1 சதவீதம், வயதைச் சமன்செய்தால் 12.8. பொதுவாக எதிர்பார்க்கும் அளவுதான்.

வதந்தி பரப்பியவர்களைத் திட்டுவது சுலபம். முதல் அறிக்கை 827 என்ற கீழெண்ணை அப்படியே வைத்துச் சதவீதம் போட்டதும் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. எனவே கர்ப்ப ஆய்வில் ஒருவர் எந்த வாரத்தில் கணக்குக்குள் வந்தார், எந்த வாரத்தில் வெளியேறினார் என்ற இரண்டையும் வைத்து, அந்தந்த வாரம் கணக்கில் இருந்தவர்களால் மட்டும் வகுக்கும் வாழ்நிலை அட்டவணை முறையில் கணக்கிடுங்கள். பத்தாம் வாரத்தில் பதிவு செய்தவரை ஆறாம் வாரத்திலிருந்து பார்த்ததாக எண்ணாதீர்கள். பத்துக்கு முன் கருச்சிதைவானவர்கள் உங்களிடம் வரவே இல்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வலை உண்டு. 38 வாரம்வரை கர்ப்பமாக இருந்தவருக்கு ஊசி போட 38 வார வாய்ப்பு, 30 வாரத்தில் பிரசவித்தவருக்கு 30 வார வாய்ப்பு. கவனிக்காமல் ஒப்பிட்டால் ஊசி குறைப்பிரசவத்தைத் தடுப்பதுபோலத் தோன்றும். ஊசி போட்ட நாள்வரை அவரை "போடாதவர்" கணக்கிலும், அதன்பிறகு "போட்டவர்" கணக்கிலும் வைப்பதுதான் மருந்து.

நஞ்சுக்கொடி பற்றிச் சுருக்கமாக. டெல்டா அலையில் இறந்து பிறத்தல் ஏன் கூடியது என்பதற்கான பதில் அங்கேதான் கிடைத்தது. அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர்வரை நடந்த சுமார் 12.5 லட்சம் பிரசவங்களில், தொற்று இருந்தவர்களுக்கு 1.26 சதவீதம், இல்லாதவர்களுக்கு 0.64 சதவீதம் இறந்து பிறந்தன. டெல்டா காலத்தில் சமன்செய்த ஆபத்து நான்கு மடங்கு. அப்படிப்பட்ட நஞ்சுக்கொடிகள் பலவற்றில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) படிவு பெருமளவில் அடைத்து, மேற்பரப்புச் செல்கள் செத்துக் கிடந்தன. குழந்தையை வைரஸ் தொடாமலே ஆக்சிஜன் வழி மூடிக்கொண்டது. உங்களால் இப்போது செய்யக்கூடியது சேகரிப்பு முறையை எழுதி வைப்பது. உடனே வெட்ட முடியாவிட்டால் 4 டிகிரியில் குளிரூட்டுங்கள். திசுப் பரிசோதனைக்கான பகுதியை உறைய வைக்கக்கூடாது, பனிப்படிகம் செல் அமைப்பைக் குலைத்துவிடும். குறைந்தது நான்கு திசுத் துண்டுகள்: தொப்புள்கொடியும் சவ்வும் ஒன்று, முழுத் தடிமனில் நஞ்சுக்கொடி மூன்று. அவை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போகட்டும். வைரஸ் ஆர்.என்.ஏ.-வுக்கான துண்டைத் தனியாக உறைய வையுங்கள். தொற்று இல்லாத தாய்மாரின் நஞ்சுக்கொடிகளையும் அதே நாட்களில், அதே முறையில் எடுங்கள். ஒப்பீடு இல்லாமல் பார்த்தால் சாதாரணப் பிரசவத்தில் வரும் சிறு ரத்தக் கட்டிகளும் வைரஸின் வேலையாகத் தெரியும்.

மாதவிடாய்க்கு வந்தால், கேட்காமல் விட்டது எவ்வளவு விலை வைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. தடுப்பூசிச் சோதனைகளில் காய்ச்சல், கைவலி எல்லாம் கேட்டார்கள், மாதவிடாயைக் கேட்கவில்லை. பெண்கள் தாங்களாகப் பேசத் தொடங்கிய பிறகு, 2021 ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் ஐந்து நிறுவனங்களுக்கு 16.7 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2022 ஜனவரியில் வந்த முதல் பெரிய ஆய்வு, செயலியில் சுழற்சியை ஏற்கெனவே பதிந்துகொண்டிருந்த 3,959 பேரைப் பார்த்தது. ஒரு தவணைக்குச் சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டது. இரண்டு தவணையும் ஒரே சுழற்சிக்குள் போட்டவர்களுக்குச் சுமார் இரண்டு நாள். ரத்தப்போக்கு நாட்கள் மாறவில்லை. இவ்வளவு சிறிய, தற்காலிகமான விஷயத்தை முதலிலேயே ஒரு கேள்வியில் கேட்டிருந்தால் "மலடாகிவிடும்" என்ற வதந்திக்கு இடமே இருந்திருக்காது.

இதில் ஆய்வு செய்வதானால் ஊசிக்கோ தொற்றுக்கோ முன்பு மூன்று சுழற்சி, பின்பு மூன்று சுழற்சி என அன்றன்று பதிந்த தேதிகள் வேண்டும். "ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தது?" என்று நினைவிலிருந்து கேட்டால், மாற்றம் உணர்ந்தவர்தான் நன்றாக நினைவில் வைத்திருப்பார். செயலித் தரவில் வேறு கோளாறு: சுழற்சி ஒழுங்காக வருபவர்களும் ஹார்மோன் எடுக்காதவர்களுமே அதில் அதிகம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள், பதின்ம வயதினர், மெனோபாஸை நெருங்குபவர்கள் விடுபடுவார்கள். மாற்றம் அதிகம் வரக்கூடியவர்களும் அவர்களே. இடைவெளி 24 முதல் 38 நாள், போக்கு 8 நாள்வரை என்ற 2018-ஆம் ஆண்டின் பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பின் வரம்பைப் பயன்படுத்துங்கள். அதிக ரத்தப்போக்கு என்று சொல்பவருக்கு ஹீமோகுளோபினோடு, உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள், கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.-யும். தொற்றும் அழற்சியும் ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டும். வழக்கமாக லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறை. அழற்சி இருக்கும்போது அந்த எல்லையை 70-க்கு உயர்த்த உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சி.ஆர்.பி. பார்க்காமல் விட்டால், தொற்றிலிருந்து எழுந்த பெண்ணின் ரத்தச்சோகையை "இரும்பு போதுமானது" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

உங்கள் 18 மாதத்துக்கும் 300 பேருக்கும் நான் தேர்ந்தெடுப்பது நீடித்த கோவிட்டும் மெனோபாஸும் சந்திக்கும் இடம். நீடித்த கோவிட் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். 2025 ஜனவரியில் வெளியான அமெரிக்க ரெக்கவர் ஆய்வில் அந்த அபாயம் 31 சதவீதம் அதிகம், 40 முதல் 54 வயதில் இன்னும் அதிகம். அதே வயதில்தான் தூக்கம் கெடுவது, படபடப்பு, மறதி, சோர்வு என்று மெனோபாஸின் அறிகுறிகளும் வருகின்றன. மருத்துவர் எதைப் பார்த்தாலும் "வயசாச்சு, அப்படித்தான்" என்பார்; அல்லது எல்லாவற்றையும் கோவிட் தலையில் போடுவார். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் எளிய கருவி இன்னும் போதவில்லை. மருத்துவமனை வசதி அதிகம் தேவைப்படாத, ஒரே வருகையில் முடியும் ஆய்வு இது.

சேர்க்கும்போது தொற்று வந்து மூன்று மாதம் கடந்திருக்க வேண்டும், அறிகுறி இரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வேறு காரணம் இருக்கக்கூடாது. இது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அக்டோபர் வரையறை. ஒப்பீட்டுக்கு அதே வயதில் அறிகுறி இல்லாதவர்களும், மெனோபாஸ் அறிகுறி மட்டும் உள்ளவர்களும் வேண்டும். மெனோபாஸ் நிலையை வயதை வைத்து ஊகிக்காமல் கடைசி மாதவிடாய்த் தேதியையும், கடந்த ஒரு வருடச் சுழற்சி எப்படி மாறியது என்பதையும் கேட்டுப் பிரியுங்கள். சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனை ஒருமுறை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். இந்த வயதில் அது மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்.

படபடப்புக்கு நிற்றல் சோதனை செய்யுங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எடுங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1, 3, 5, 7, 10-ஆம் நிமிடங்களில் மறுபடி எடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், காலை அசைக்க விடாதீர்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால் ரத்தம் மேலேறி முடிவு மாறிவிடும். நாடி நிமிடத்துக்கு 30 அல்லது அதற்குமேல் உயர்ந்து அப்படியே நின்று, மேல் அழுத்தம் 20 இறங்காமலும் இருந்தால், நிற்கும்போது நாடி எகிறும் நோயைச் சந்தேகிக்கலாம். ஆனால் ரத்தச்சோகை, தைராய்டு, நீரிழப்பு, பீட்டா தடுப்பு மாத்திரை ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே படுக்க வைத்து, நின்ற நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில், முடிந்தால் காலையில் செய்யுங்கள். மாலையில் செய்தால் நாடி உயர்வு குறைவாகத் தெரியும்.

மனநலத்துக்கு எந்தக் கேள்வித்தாள் என்பதும் இதனோடு சேர்ந்ததே. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ. 9 என்ற கேள்வித்தாள், சோர்வையும் தூக்கத்தையும் பசியையும் கேட்டு மதிப்பெண் போடுகிறது. நீடித்த கோவிட் உள்ளவருக்கும், கைக்குழந்தையோடு இரவில் விழித்திருப்பவருக்கும் மனச்சோர்வு இல்லாமலே மதிப்பெண் ஏறும். பிரசவமான பெண்களுக்கு எடின்பரோ அளவுகோலே பொருத்தம்: பத்துக் கேள்விகள், 30 மதிப்பெண், உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து எழுதப்பட்டது. 13 அல்லது அதற்குமேல் என்ற எல்லை ஆங்கில வடிவத்துக்குச் சொல்லப்பட்டது. மொழிபெயர்ப்புகளுக்கு அதற்கென்று சரிபார்த்த எல்லையையே எடுங்கள். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்குப் பூச்சியமல்லாத விடை வந்தால், அன்றைக்கே யார் பேசுவது, எங்கே அனுப்புவது என்று எழுதி வைத்த பிறகுதான் முதல் படிவத்தைக் கையில் கொடுக்க வேண்டும். வார இறுதியில் மொத்தமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று கட்டிவைக்கக் கூடாத தாள் அது.

குடும்ப வன்முறையை உங்கள் பட்டியலிலிருந்து இப்போதைக்கு எடுத்துவிடச் சொல்வேன். தலைப்பின் மதிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. தவறாகச் செய்தால் பெண்ணுக்கு அடி விழும். தனியறை, ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண், ஆய்வுக்கு வேறு பொதுவான பெயர், பயிற்சி பெற்ற கேட்பவர், உடனடி உதவிக்கு வழி: 2001-இலேயே உலக சுகாதார நிறுவனம் வகுத்த இந்த நிபந்தனைகளை ஊரடங்கில் தொலைபேசி வழியே நிறைவேற்றுவது மிகக் கடினம். அடுத்த அறையில் கணவர் இருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. உதவி எண்ணுக்கு வரும் அழைப்பை மட்டும் எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. அழைப்பு குறைந்தால் வன்முறை குறைந்தது என்று பொருளில்லை, தொலைபேசியை எடுக்க முடியவில்லை என்றும் பொருள். 2021-இல் ஐ.நா. பெண்கள் அமைப்பு 13 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில் 45 சதவீதம் என்று வந்தது. தாமோ, தமக்குத் தெரிந்த ஒரு பெண்ணோ வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்னவர்களின் அளவு அது. மறைமுகமாகக் கேட்டதால் பதில் சொல்பவர் பாதுகாப்பாக இருந்தார். அதற்கு விலையாக, அந்த எண்ணைப் பாதிக்கப்பட்டோர் விகிதம் என்று படிக்க முடியாது. பலர் அப்படித்தான் படித்தார்கள்.

கருத்தடை, பிரசவ கவனிப்பு, புற்றுநோய்ப் பரிசோதனை மூன்றையும் ஒருவர் பதிவேடுகளை வைத்தே செய்துவிடலாம். முன்கணிப்பை நம்பி நிற்காமல் நடந்ததை எண்ணுவது ஏன் அவசியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆறு மாத முடக்கம் நீடித்தால் 4.7 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை கிடைக்காமல் போகலாம் என்று 2020 ஏப்ரலில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் கணித்தது. ஓராண்டு கழித்து, தடை சராசரியாக 3.6 மாதம், பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1.2 கோடி என்று திருத்தியது. எச்சரிக்கையாக முதல் எண் பயன்பட்டது, திட்டமிட இரண்டாவதுதான் உதவும். ஆனால் சேவை முடங்குவதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். எபோலா காலத்துச் சியரா லியோனில் சேவைப் பயன்பாடு குறைந்ததால் மட்டும் 2014–15-இல் தாய், சிசு இறப்பும் இறந்து பிறத்தலும் சேர்ந்து 3,600 கூடியதாகக் குறைந்தபட்சக் கணிப்பே சொன்னது.

இந்தக் கணக்குக்குத் தொற்றுக்கு முன்னால் குறைந்தது 24 மாதங்களின் மாதாந்தர எண்கள் வேண்டும். இல்லாவிட்டால் பருவத்துக்குப் பருவம் வரும் ஏற்ற இறக்கத்தைத் தொற்றின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். மருத்துவமனையில் பிரசவ எண்ணிக்கை குறைந்து இறப்பு விகிதம் கூடினால் கவனிப்பு மோசமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; சிக்கலில்லாதவர்கள் வேறிடம் போயிருக்கலாம். எண்ணிக்கை, விகிதம், வந்தவர்களின் கலவை மூன்றையும் சேர்த்தே வெளியிடுங்கள். பரிசோதனைத் தேக்கத்தைக் குறைக்க, பெண்ணே மாதிரி எடுத்துத் தரும் எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) சோதனை சிறந்த ஆய்வுப் பொருள். அதில் எத்தனை பேர் மாதிரி கொடுத்தார்கள் என்பதோடு நிற்காமல், தொற்று கண்டவர்களில் எத்தனை பேர் அடுத்த கட்டச் சிகிச்சைவரை வந்தார்கள் என்று பாருங்கள். ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

குழுவுக்குள் இழுபறி வந்தால் மதிப்பெண் முறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நல ஆய்வுகளுக்காக உருவான முறையில் ஐந்து அளவுகோல்கள்: பதில் கிடைக்குமா, பலன் தருமா, நடைமுறைக்கு வருமா, சுமையை எவ்வளவு குறைக்கும், ஏழை எளியவரை எட்டுமா. ஒவ்வொன்றுக்கும் 0, 0.5 அல்லது 1. நான் ஆறாவதாக "தள்ளிப்போட்டால் அழியுமா" என்பதைச் சேர்த்து அதற்கு இருமடங்கு எடை கொடுப்பேன். மதிப்பெண் போடுபவர்கள் ஆய்வாளர்களாக மட்டும் இருந்தால் தாங்கள் ஏற்கெனவே செய்துவரும் தலைப்பே மேலே வரும். மகப்பேறு செவிலியர்களும், தொற்றுக் காலத்தில் பிரசவித்த தாய்மாரும், நீடித்த கோவிட்டோடு வாழும் பெண்களும் பாதிக்குப் பாதியாவது இருக்கட்டும். இரு தரப்பு மதிப்பெண்களையும் சேர்க்காமல் தனித்தனியாகவும் வெளியிடுங்கள். எங்கே பிரிகிறது என்பதே ஒரு தகவல்.

அடுத்த தொற்றுக்காக முதல் ஆறு மாதத்துக்குள் மேலே சொன்ன படிவம், நஞ்சுக்கொடி சேகரிப்பு முறை, ஒப்புதல் படிவம் மூன்றையும் வைரஸின் பெயர் மட்டும் காலியாக விட்டு எழுதி, நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவி ஓய்ந்த பிறகு பிரிட்டனில் இப்படிச் சில திட்டங்கள் தயார் செய்து உறங்க வைக்கப்பட்டன. எழுப்ப வேண்டிய நாளில் அனுமதிக் கடிதம் காலாவதியாகிக் கிடக்காமல், ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒப்புதல் படிவத்தில் மாதிரிகளைப் பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவது, குழந்தை வளர்ந்தபின் தொடர்புகொள்வது ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே கையெழுத்து இடம் வையுங்கள்.

300 பேர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இறந்து பிறத்தலுக்குப் போதாது. 0.64 சதவீதம் இருமடங்காகி 1.28 ஆவதை 80 சதவீத உறுதியோடு கண்டுபிடிக்க ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 3,600 பேர் வேண்டும். உங்கள் 150 பேர் குழுவில் ஒரு நிகழ்வு நடந்தாலே அதிகம். எடின்பரோ மதிப்பெண்ணின் சராசரியில் வேறுபாடு தேடினால், மதிப்பெண்களின் சிதறல் (திட்ட விலக்கம்) 5 என்று கொண்டால், 150-க்கு 150 வைத்து 1.6 மதிப்பெண் வேறுபாட்டைப் பிடிக்கலாம். நிற்றல் சோதனை போன்ற தொடர் அளவுகளுக்கும் 300 தாங்கும். மூன்று குழுக்களாகப் பிரிப்பதால் ஆளுக்கு 100 என்று வைத்து, வராமல் போகிறவர்களுக்காக 15 சதவீதம் கூட்டி 345 பேரை அழையுங்கள். அரிய விளைவுகளை அளக்க ஆசை இருந்தால், அதே படிவத்தைப் பயன்படுத்தும் இன்னும் இருபது மையங்களைத் தேடுங்கள். படிவத்தின் கட்டங்களும் அவற்றின் விடைக் குறியீடுகளும் எல்லா மையங்களிலும் ஒன்றாக இருந்தால், தரவைச் சேர்ப்பது ஒரு வாரத்து வேலை.